நம்பப்படும் குரல் எந்த ஊர்க் குரல்? – பூர்ணம் விஸ்வநாதன் பற்றிச் சில குறிப்புகள்

பூர்ணம் விஸ்வநாதன் என்றால் நம்மில் பலருக்கு ‘வருஷம் 16’ தாத்தா. ‘மூன்றாம் பிறை’ தலைமை ஆசிரியர். ‘தில்லு முல்லு’வில் ரஜினிக்கு யோசனை சொல்லி அனுப்புகிற டாக்டர். இன்னும் கொஞ்சம் தேடிப் படிக்கிறவர்களுக்கு, சுஜாதாவின் நாடகங்களை மேடையேற்றி நடித்தவர். 2008 அக்டோபர் 1-ஆம் தேதி அவர் காலமானபோது வந்த அஞ்சலிகளில் ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது: 1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் வானொலியில் வாசித்தவர்.

அந்த வரியோடு எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கிறது. வரி தப்பு இல்லை. ஆனால் அது ஒரு மனிதரின் பல வருஷ வேலையை ஒரு காலைப் பொழுதில் அடைத்துவிடுகிறது. அன்றைக்கு யார் வாசித்திருந்தாலும் நாடு விடுதலை அடைந்துதான் இருக்கும். அப்படியானால் வாசித்தவரின் பங்கு என்ன? செய்தி வாசிப்பு ஒரு கலையா, வெறும் குரல் வளமா? இதற்குப் பதில் தேடிப் போனால், வடசென்னைக்காரனான எனக்கு உறைக்கிற வேறொரு கேள்வியில் போய் நிற்கிறது. ஒரு குரலை நாம் ஏன் நம்புகிறோம்?

தில்லியில் செய்த தமிழ்

முதலில் அந்த வேலை என்னவென்று பார்த்துவிடலாம்.

1935-இல் பி.பி.சி.யிலிருந்து லயனல் ஃபீல்டன் இங்கே அனுப்பப்பட்டார். 1936 ஜூனில் ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்ற பெயர் வந்தது. 1938 ஜூன் 16-இல் சென்னை நிலையம் தொடங்கியது. ஆனால் நாட்டுச் செய்தி சென்னையில் தயாராகவில்லை. 1937-இலேயே தில்லியில் மத்தியச் செய்தி அமைப்பு ஒன்றை உருவாக்கிவிட்டார்கள். செய்தி அங்கே ஆங்கிலத்தில் எழுதப்படும். ஒவ்வொரு மொழிப் பிரிவும் அதை எடுத்து மொழிபெயர்த்து வாசிக்கும். பதவியின் பெயரே செய்தி வாசிப்பாளர்-மொழிபெயர்ப்பாளர் என்றுதான். அழகான குரல் உள்ளவர் யாரோ எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டுப் போனார் என்று நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலும் அவர் வாயில் வந்தது அவரோ பக்கத்து மேசைக்காரரோ கொஞ்ச நேரம் முன்பு அவசரமாகத் தமிழாக்கிய வாக்கியம்.

பூர்ணம் தில்லி வானொலியில் சேர்ந்தது நாற்பதுகளின் நடுவில். வயது இருபதுகளில். இதே வீட்டிலிருந்து இன்னொருவரும் வானொலிக்கு வந்தார் என்பது பலருக்குத் தெரியாது. ‘முள்ளும் மலரும்’ நாவலை எழுதிய உமாசந்திரன் இவருடைய சகோதரர்.

அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. ஆங்கிலச் செய்தி வாக்கியத்தில் யார் சொன்னார், சொன்னாரா மறுத்தாரா என்பது முதலிலேயே வந்துவிடும். தமிழில் வினை கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. ‘துறைமுகத் தொழிலாளர்கள் நாளை முதல் வேலைநிறுத்தத்தில் ஈடுபடுவார்கள் என்பதை’ என்று வாசித்துக்கொண்டு வருகிறார் என்று வையுங்கள். அடுத்த சொல் ‘உறுதிப்படுத்தினார்’ என்றும் இருக்கலாம், ‘மறுத்தார்’ என்றும் இருக்கலாம். அதுவரை கேட்கிறவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கணும். வாசிக்கிறவர் முடிவைத் தெரிந்துகொண்டே வாசிக்கிறார், ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. வாக்கியத்தின் நடுவில் குரல் தொய்ந்தால் கேட்பவன் கவனம் போய்விடும். முன்கூட்டியே அழுத்தம் கொடுத்தால் அவர் கட்சி எடுத்துக்கொண்டதாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சமநிலை. இந்தப் பக்குவத்தை நான் கலை என்றே சொல்வேன். கர்நாடக சங்கீதத்தில் கார்வை பிடிக்கிறவருக்கு இருக்கிற மூச்சுக் கணக்கு இவருக்கும் வேணும்.

சொற்களும் அவர் கண்முன்னே மாறிக்கொண்டிருந்தன. அக்கிராசனர் தலைவர் ஆனார். காரியதரிசி செயலாளர் ஆனார். அபேட்சகர் வேட்பாளர் ஆனார். மந்திரி அமைச்சராகவும் சர்க்கார் அரசாகவும் ஆயின. இன்றைக்கு நமக்கு இயல்பாகத் தோன்றுகிற இந்தச் சொற்கள் எல்லாம் ஒரு காலத்தில் காதுக்குப் புதுசு. பத்திரிகையில் புதுச் சொல் வந்தால் வாசகன் நிறுத்தி இன்னொரு முறை படிக்கலாம். வானொலியில் அந்த வசதி கிடையாது. காதில் விழுந்த நொடியில் புரிந்தாகணும், சந்தேகமும் வரக் கூடாது.

ஆல்வார் லிடெலும் வில்ஃப்ரெட் பிக்கிள்ஸும்

ஃபீல்டன் வந்த இடமான பி.பி.சி.யில் அந்தக் காலத்தில் செய்தி வாசிப்பவருக்குப் பெயரே கிடையாது. நிறுவனம் பேசுகிறது, மனிதர் இல்லை என்பது கொள்கை. 1940-இல் போர் அதை மாற்றியது. எதிரி போலிக் குரலில் பொய்ச் செய்தி பரப்பினால் என்ன செய்வது? அதனால் வாசிப்பவர் தன் பெயரைச் சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். ‘செய்திகள் வாசிப்பது…’ என்று நாம் பல வருஷம் கேட்டோமே, அதே மாதிரி. பெயர் சொன்னது பெருமைக்காக அல்ல. இந்தக் குரலை நம்பலாம் என்பதற்கு ஒரு முத்திரை.

அப்படிப் பெயர் பெற்றவர்களில் முக்கியமானவர் ஆல்வார் லிடெல். ஸ்வீடன் நாட்டுப் பெற்றோருக்கு லண்டன் பக்கம் பிறந்தவர். அவர் பேசியது இங்கிலாந்தின் மேல்தட்டு உச்சரிப்பு. இங்கிலாந்தின் குரல் என்றே அவரைக் கொண்டாடினார்கள்.

1941-இல் வடக்கே யார்க்‌ஷயரின் ஹாலிஃபாக்ஸைச் சேர்ந்த வில்ஃப்ரெட் பிக்கிள்ஸைத் தேசியச் செய்தி வாசிக்க அழைத்தார்கள். ஆலைகள் நிறைந்த பகுதியின் பேச்சு அவருடையது. ஜெர்மானியனால் அந்த உச்சரிப்பைப் போலி செய்ய முடியாது என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. நள்ளிரவுச் செய்தியின் முடிவில் வடக்கத்தி மக்களுக்கு அவர்கள் பேச்சிலேயே இரவு வணக்கம் சொன்னார். கிளம்பியது ரகளை. இந்த உச்சரிப்பில் வந்தால் செய்தியை நம்ப முடியவில்லை என்று ஆட்கள் புகார் சொன்னார்கள். கொஞ்ச மாதத்தில் அவர் செய்தியை விட்டு விலகினார். பிறகு பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளில் மக்களின் செல்லப்பிள்ளை ஆனார்.

யோசித்துப் பாருங்க. ஸ்வீடன்காரர் மகன் சரியான உச்சரிப்பு பழகிவிட்டால் இங்கிலாந்தின் குரல் ஆகலாம். யார்க்‌ஷயர்க்காரன் தன் பேச்சோடு வந்தால் சிரிக்க வைக்க மட்டும்தான் ஆகலாம். ரத்தமோ பிறந்த ஊரோ அங்கே பிரச்சினை இல்லை, வர்க்கம்தான்.

ராபின்சன் பூங்காவில் கேட்ட தமிழ்

இதை அப்படியே தூக்கிவந்து தமிழ் மேல் ஒட்டினால் ஒட்டாது. லிடெல் பேசிய ஆங்கிலத்தைச் சில வீடுகளில் காலைச் சாப்பாட்டு மேசையிலும் பேசினார்கள். பூர்ணம் வாசித்த செய்தித் தமிழை யார் வீட்டிலும் பேசுவதில்லை. திருநெல்வேலியிலும் இல்லை, தஞ்சாவூரிலும் இல்லை, ராயபுரத்திலும் இல்லை. ‘அவர் தெரிவித்தார்’ என்று எந்த அம்மாவும் பிள்ளையிடம் சொன்னதில்லை. அந்த வகையில் அது எல்லோருக்கும் அந்நியம், அதனாலேயே எல்லோருக்கும் பொது.

ஆனால் எல்லோருக்கும் ஒரே தூரமா? பள்ளிக்கூடம் போன வீட்டிலிருந்து அந்தத் தமிழுக்கு ஒரு தெரு தாண்டினால் போதும். காசிமேட்டில் வலை பின்னுகிற வீட்டிலிருந்து ஒரு ஊர் தாண்டணும். பழத்தைப் ‘பயம்’ என்று சொல்லி வளர்ந்த நாக்கு ழகரத்துக்குப் போய்ச் சேர நடக்க வேண்டிய தூரம், அப்பா குமாஸ்தாவாக இருந்த பையனின் நாக்குக்குக் கிடையாது.

சரி, அதனால் வடசென்னைக்காரனுக்கு அந்தத் தமிழ் பிடிக்காமல் போச்சா? இங்கேதான் நம்ம ஆளுங்க வழக்கமாகச் சொல்கிற வாதம் தடுமாறுகிறது. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டுகிற மழையில், திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்தது. அங்கே அண்ணா பேசியது மெட்ராஸ் பாஷை இல்லை. அடுக்குமொழித் தமிழ். துறைமுகத்திலும் ஆலையிலும் வேலை பார்த்த ஜனங்கள் பின்னாளில் அந்தத் தமிழை விரும்பிக் கேட்டார்கள், வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்தார்கள், பிள்ளைகளுக்கு அந்தத் தமிழிலேயே பெயரும் வைத்தார்கள். ஆகவே உயர்ந்த தமிழ் எங்களைத் தள்ளி வைத்தது என்று மொத்தமாகச் சொல்வது சரியில்லை. மேடைத் தமிழும் செய்தித் தமிழும் எழுத்திலிருந்து பிறந்தவை, இரண்டும் ஒலிபெருக்கி வழியாக வந்தவை. ஒன்று கேட்பவனைத் தன் கதைக்குள் இழுத்துக்கொண்டது. மற்றொன்று கேட்பவனுக்கு உலகத்தைச் சொன்னது, ஆனால் அவனிடம் எதையும் கேட்டதில்லை.

செய்தி தில்லியிலிருந்து எண்ணூருக்கு வரும். எண்ணூரிலிருந்து தில்லிக்குப் போகாது. குறை உச்சரிப்பில் இருந்ததை விட இந்த ஒருவழிப் பாதையில்தான் அதிகம் இருந்தது. இதற்குப் பூர்ணத்தைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் அந்தப் பாதையின் மிகச் சிறந்த நடையாளிகளில் ஒருவர், அவ்வளவுதான்.

நம்பப்படாத மனிதனாக நடித்தவர்

இனி அவருடைய இரண்டாம் வாழ்க்கைக்கு வருவோம். எனக்கு அதுதான் முக்கியம்.

வானொலியில் இருந்தபோதே அவர் நாடகக்காரர். தில்லித் தமிழர்களின் மேடையில் நடித்தவர். பிறகு சென்னை வந்தார். ‘திட்டம்’ இதழின் ஆசிரியராக இருந்தார். பூர்ணம் நியூ தியேட்டர் என்ற குழுவை நடத்தி சுஜாதாவின் நாடகங்களைப் போட்டார்.

அவற்றில் ‘கடவுள் வந்திருந்தார்’ எல்லோருக்கும் தெரிந்தது. ஓய்வு பெற்ற சீனிவாசன் என்கிற நடுத்தர வர்க்கத்து மனிதரிடம் எதிர்காலத்திலிருந்து ஒருவன் வந்து நிற்கிறான். அவன் சீனிவாசன் கண்ணுக்கு மட்டுமே தெரிகிறான். வீட்டில் சொல்கிறார், யாரும் நம்பவில்லை. அவருக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டுகிறார்கள். நாடகம் நகைச்சுவைதான். ஆனால் சீனிவாசனாக நடித்தவர் யார் என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். நாட்டின் மிகப் பெரிய செய்தியைச் சொல்லி, யாரும் ஒரு நொடிகூடச் சந்தேகப்படாத குரல். அதே குரல் இங்கே உண்மையைச் சொல்கிறது, சொந்த வீட்டுக் கூடத்திலேயே எடுபடவில்லை. ‘ஊஞ்சல்’ நாடகத்திலும் கிட்டத்தட்ட இதே நிலைமை. தன் காலம் கடந்துபோனதை ஏற்க முடியாத அப்பா, அவர் யோசனைகளைக் கேட்க ஆளில்லை. 1994-இல் வந்த ‘மகாநதி’யில் கமலோடு சிறையில் இருக்கும் பஞ்சாபகேசன். கம்பிக்குள் இருப்பவன் சொல்லுக்கு வெளியே மதிப்பு ஏது?

இந்தப் பாத்திரங்களில் அவர் செய்கிற ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம்பவில்லை என்று தெரிந்ததும் நம்ம நடிகர்கள் வழக்கமாகக் குரலை உயர்த்துவார்கள். இவர் இன்னும் நிதானமாகப் பேசுவார். வாக்கியத்தை ஒழுங்காக முடிப்பார். கடைசிச் சொல்லை விழுங்க மாட்டார். செய்தி வாசிப்பாளனின் பழக்கம் அது, தகவல் சரியாகப் போய்ச் சேர்ந்தால் நம்புவார்கள் என்கிற நம்பிக்கை. அந்த நம்பிக்கை தோற்கிறபோது முகத்தில் ஒரு திகைப்பு வரும். அவர் நடிப்பின் உச்சம் அந்தத் திகைப்பில் இருக்கிறது.

குறையும் சொல்லணும். செய்தி அறையில் ஊர் பெயர் தெரியாமல் இருந்த குரல், சினிமாவுக்கு வந்ததும் முழு முகவரியோடு வந்தது. பெரும்பாலான படங்களில் அவர் படித்த, நல்ல குடும்பத்து, பிராமணப் பேச்சு பேசும் பெரியவர். எண்பதுக்கும் மேற்பட்ட படங்களில் தமிழ் சினிமா அவரை அந்தத் திண்ணையை விட்டு இறக்கவே இல்லை. குரலை இப்படியும் அப்படியும் வளைக்கத் தெரிந்தவரை ஒரே வார்ப்பில் ஊற்றிவிட்டார்கள். செய்தி வாசித்தபோது அவர் தன் முகவரியை மறைத்தது எவ்வளவு பெரிய உழைப்பு என்பது இந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் புரிகிறது.

எங்க பேச்சு எதுக்கு ஆச்சு?

பூர்ணத்துக்குத் திண்ணை கிடைத்தது. வடசென்னைப் பேச்சுக்குக் கிடைத்தது சிரிப்பு. 1958-இல் ‘சபாஷ் மீனா’வில் சந்திரபாபு ரிக்‌ஷாக்காரராக மெட்ராஸ் பாஷையைப் பிய்த்து உதறினார். அவர் தூத்துக்குடிக்காரர் என்பது தனிச் சுவை. பிறகு லூஸ் மோகன் வரை அந்தப் பேச்சு என்றாலே நகைச்சுவை, இல்லாவிட்டால் ரவுடி. பிக்கிள்ஸுக்கு நேர்ந்த அதே கதை. எங்க பேச்சில் ஜோக் சொல்லலாம், திட்டலாம், கானா பாடலாம். செய்தி சொன்னால் எடுபடாது.

இது வெறும் சினிமாக் குறை என்று விட்டுவிட முடியாது. 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. பெரிய கசிவு எதுவும் இல்லை என்கிற மாதிரிதான் முதலில் அதிகாரத் தரப்பிலிருந்து தகவல் வந்தது, ஒழுங்கான வாக்கியங்களில். ‘கடல் பூரா கருப்பா கீது’ என்று கரையில் இருந்தவர்கள் சொன்னது செய்தி ஆவதற்கு நாள் பிடித்தது. பிறகு என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தோம். ஆட்கள் வரிசையாக நின்று எண்ணெய்ச் சேற்றை வாளியால் அள்ளினார்கள். சீனிவாசன் வீட்டுக் கூடத்தில் நடந்தது அன்றைக்கு எண்ணூர் கரையில் நடந்தது. கண்ணால் பார்த்தவன் சொன்னான், அவன் குரல் நம்பப்படும் குரலாக இல்லை.

வானிலை அறிக்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘தென்மேற்கு வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.’ கொண்டல் எது, வாடை எது, கச்சான் எது என்று தோலில் படும்போதே பிரித்துச் சொல்கிற சமூகத்துக்கு வருகிற செய்தி இது. அவர்களுக்கு அது புரியாமல் இல்லை, பல வருஷமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டார்கள். ஆனால் அவர்களுக்குத் தெரிந்த காற்று அந்த அறிக்கைக்குள் போனதில்லை.

மாற்று இருக்கிறதா? இருக்கிறது. ராமேஸ்வரம் பக்கம் பாம்பனில் 2016-இல் ‘கடல் ஓசை’ என்று மீனவர்களுக்காக ஒரு சமுதாய வானொலி தொடங்கினார்கள். காற்று, அலை, கடலோரச் சேதி எல்லாம் அந்த ஊர்ப் பேச்சிலேயே வருகிறது. அதை யாரும் ஜோக்காக எடுத்துக்கொள்வதில்லை.

இதனால் பூர்ணத்தின் தமிழ் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. இன்றைய செய்தித் தொலைக்காட்சிகளின் கூச்சலைக் கேட்கிறபோது, குரலை உயர்த்தாமல் வாக்கியத்தை முடிக்கிற அந்த மரியாதை எவ்வளவு பெரிது என்று தெரிகிறது. ஊர் முழுக்கப் புரிகிற ஒரு பொதுத் தமிழ் நமக்கு வேணும். அதை உண்டாக்கியவர்கள் பட்டியலில் அவருக்கு முன்வரிசை இடம் உண்டு, 1947-இன் ஒரு காலைக்காக மட்டும் இல்லை, அதற்குப் பிறகு வந்த சாதாரணக் காலைகளுக்காகவும்.

ஆனால் அவர் பழகிய அந்த நிதானம் மயிலாப்பூர் நாக்குக்கு மட்டும் சொந்தமான சொத்து கிடையாது. திருவொற்றியூர்ப் பொண்ணு ஒருத்தி அவள் பேச்சிலேயே, அதே நிதானத்தோடு, ‘நாளிக்கி கடலுக்குப் போவாதீங்க, காத்து திரும்புது’ என்று செய்தி வாசித்தால் நாம் சிரிப்போமா, வலையை எடுத்து உள்ளே வைப்போமா? எனக்குத் தெரிந்த காசிமேட்டுக்காரர்கள் வலையை எடுத்து வைப்பார்கள். மீதிச் சென்னை என்ன செய்யும் என்று நீங்கள்தான் சொல்லணும்.